வில்லுப்பாட்டின் வில்: அதன் உருவமும் அலங்காரமும்

வில்லுப்பாட்டு தென் தமிழகத்தின் கதைப்பாட்டுக் கலைகளுள் ஒன்று. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும், திருவனந்தபுரத்தின் தென்பகுதியிலும் வழங்குகிறது. இதன் முதன்மைக் கருவி வில். வேட்டைக்கும் போருக்கும் உரிய ஆயுதத்தின் வடிவில், கைக்குக் கிடைத்த மரம், தோல், மண், பாளை ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கப்பட்ட இசைக்கருவி இது. கடையில் விலைக்கு வாங்கும் கருவியாக இது நெடுங்காலம் இருந்ததில்லை. ஊர்த் தொழிலாளர்களிடம் பகுதி பகுதியாகப் பெற்றுக் கலைஞர்களே கட்டிக்கொண்டனர்.

தானே செய்துகொள்ளும் ஒரு கருவியை எப்படி அலங்கரிப்பது, எந்த உருவங்களை அதில் அமைப்பது என்ற கேள்வி உலகம் முழுவதும் எழுந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு வில் அதற்கு ஒரு விடை சொல்கிறது. அதே பழைய திருவிதாங்கூர் மண்ணில் பிறந்த ஓணவில்லு நேர் எதிரான மற்றொரு விடையைச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, வில்லின் அலங்கார வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பழந்தமிழ் இலக்கியத்தில் கையால் செய்த கருவி

தமிழில் வீட்டுக் கருவிக்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பத்துப்பாட்டில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் வருகிறான். குழல் ஊதிச் சலித்த அவன், உள்துளையுள்ள குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, ஒரு வில்யாழ் செய்துகொள்கிறான். மாடு மேய்க்கும் இடத்தில் கிடைத்த இரண்டே பொருள்கள். அவற்றிலிருந்து ஒரு நரம்புக்கருவி. அலங்காரம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

பாணர், பொருநர் போன்ற தொழில்முறைக் கலைஞரின் யாழைப் பற்றிப் பேசும்போது நிலைமை மாறுகிறது. பொருநராற்றுப்படை யாழின் ஒவ்வோர் உறுப்பையும் உவமை கூறி வருணிக்கிறது. பத்தரின் வடிவம் விலங்கின் குளம்படியை நினைவூட்டுகிறது. அதன் மேல் போர்த்திய தோல் கருவுற்ற பெண்ணின் வயிற்றை நினைவூட்டுகிறது. யாழின் அழகு அதன் மேல் தீட்டிய ஓவியத்தில் இல்லை, உறுப்புகளின் இயல்பான வடிவத்தில் இருக்கிறது என்பது இவ்வருணனையால் தெரிகிறது. பின்னாளில் வீணையின் முனையில் யாளி முகம் செதுக்கும் வழக்கம் வந்தது. தஞ்சாவூர் வீணையில் அதை இன்றும் காணலாம்.

சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் பழந்தமிழர் யாழை விரிவாக ஆராய்ந்தார். யாழின் தொடக்கம் வில் என்பது அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. வில்லின் நாண் விடுபடும்போது எழும் ஓசையைக் கேட்டே மனிதன் நரம்பிசையைக் கண்டான் என்று இதை விளக்குவர். யாழ் மறைந்த பிறகும், அந்த ஆதி வடிவத்தைத் தமிழகத்தின் தென்கோடியில் வில்லுப்பாட்டு காத்து வந்திருக்கிறது. ஆயினும் வில்லுப்பாட்டு யாழிலிருந்து நேரடியாக வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. யாழின் நரம்பு சுரம் இசைக்கிறது. வில்லின் நாண் தாளம் தருகிறது. வடிவம் ஒன்று, வேலை வேறு.

வில் தோன்றியது பற்றிய கதை

வில்லுப்பாட்டுக் கலைஞரிடையே ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது. வேட்டைக்குச் சென்ற அரசன் ஒருவன் பல விலங்குகளைக் கொன்றான். பின்னர் அச்செயலுக்காக வருந்தினான். அவன் மனத்தைத் தேற்ற, உடன் வந்தவர்கள் அவனுடைய வில்லையே தரையில் கிடத்தி, தண்ணீர்க் குடத்தோடு சேர்த்து வைத்து, கோலால் நாணைத் தட்டி இறைவன் புகழைப் பாடினர். அன்று முதல் வில் கொல்லும் கருவி என்பது போய்ப் பாடும் கருவி ஆனது என்பர். அரசப் புலவர் என்பவரே இக்கலையை வகுத்தார் என்ற மரபும் உண்டு.

இது வரலாற்றுச் செய்தி அன்று. வில்லையும் குடத்தையும் ஒன்றாகக் கட்டியிருப்பதற்கு மக்கள் கூறிய விளக்கம். ஆனால் கருவியின் இயல்பை இக்கதை சரியாகவே பிடித்திருக்கிறது. அரண்மனையிலோ பட்டறையிலோ திட்டமிட்டுச் செய்த கருவியாக அது இக்கதையில் வரவில்லை. வேறு வேலைக்காக வைத்திருந்த பொருள்களை அந்த இடத்திலேயே இசைக்கு மாற்றிக்கொண்டதாகவே வருகிறது.

பாடல்களின் காலத்தை ஓரளவு அறிய, அவற்றில் வரும் நிகழ்ச்சிகள் உதவுகின்றன. திருமலை நாயக்கரின் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் நடந்த போரில் உயிரிழந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை 17ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியைக் கொண்டது. மார்த்தாண்ட வர்மா ஆட்சிக்கு வந்த காலத்து அரசுரிமைப் போராட்டத்தைச் சொல்லும் தம்பிமார் கதை 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. இத்தகைய கதைகள் ஓலைச்சுவடிகளில் எழுதப்பட்டு, பாடுவோர் வழியாகப் பரவின.

வில்லின் உறுப்புகள்

அலங்காரத்தைப் புரிந்துகொள்ள, முதலில் கருவியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வில்: வைரம் பாய்ந்த பனங்கட்டை அல்லது வளையக்கூடிய உறுதியான வேறு மரத்தால் செய்வர். இக்காலத்தில் இரும்புக் குழாயும் பயன்படுகிறது. நீளம் பத்தடியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நடுப்பகுதி பருத்தும் இரு முனைகளும் மெலிந்தும் இருக்கும்.

நாண்: மாட்டுத் தோலை முறுக்கிக் கட்டுவது பழைய முறை. வில்லைக் கிடத்தும்போது நாண் மேலே இருக்கும்.

மணிகள்: வில்லின் கட்டையில் வரிசையாகத் தொங்கவிடப்படும். நாணில் அடி விழும்போதெல்லாம் எல்லா மணிகளும் ஒன்றாகக் குலுங்கும்.

வீசுகோல்: நாணைத் தட்டும் இரண்டு மெல்லிய கோல்கள். இவற்றிலும் சலங்கையோ சிறு உலோக வில்லைகளோ கோக்கப்பட்டிருக்கும்.

குடம்: வாய் குறுகி வயிறு பருத்த மண்குடம். இதை வைக்கோல் புரிமணையின் மேல் இருத்தி, வில்லின் நடுப்பகுதியோடு கயிற்றால் சேர்த்துக் கட்டுவர். குடம் அடிப்பவர் கமுகம்பாளை போன்றவற்றால் செய்த பத்தியைக் கொண்டு குடத்தின் வாயிலும், நாணயம் போன்ற உலோகத் துண்டால் அதன் உடலிலும் தட்டுவார்.

துணைக்கருவிகள்: உடுக்கு, ஜால்ரா, கட்டை.

தலைமைப் பாடகரை நாஞ்சில் நாட்டில் அண்ணாவி என்றும் புலவர் என்றும் அழைப்பர். அவர் வில்லின் முன் அமர்ந்து வீசுகோலை வீசிப் பாடுவார். வலப்பக்கம் இருப்பவர்கள் வலம்பாடிகள், இடப்பக்கம் இருப்பவர்கள் இடம்பாடிகள்.

குடத்தின் வாயைப் பத்தியால் அறையும்போது உள்ளே இருக்கும் காற்று ஒரு கணம் அழுந்தி மீண்டும் விரிகிறது. அந்தக் காற்றின் அதிர்வுதான் நாம் கேட்கும் ஆழ்ந்த ஒலி. வயிறு பெரியதாகவும் வாய் சிறியதாகவும் இருந்தால் ஒலி தாழ்ந்திருக்கும். காலிப் புட்டியின் வாயில் ஊதிப் பார்க்கும் மாணவர்கள் இதே விதியை எளிதில் கண்டறியலாம்.

இந்தக் கருவியைச் செய்து முடிக்க, மரம் இழைக்கும் தச்சர், தோல் பதனிடுவோர், மண் வனையும் வேளார், மணி வார்க்கும் கன்னார் என்று பல தொழிலாளர் வேண்டும். ஓர் ஊரின் கைத்தொழில்கள் பலவும் ஒரே கருவியில் கூடியிருக்கின்றன என்று இதைச் சொல்லலாம்.

மரபு அலங்காரமும் அதன் பயனும்

பழைய முறை வில்லில் உள்ள அலங்காரங்கள் குறைவு. மணிகள், கட்டையைச் சுற்றிய வண்ணத் துணி அல்லது வண்ணத்தாள், முனைகளில் குஞ்சம், நிகழ்ச்சி நாளில் சாத்தும் பூமாலை, குடத்திற்கும் வில்லிற்கும் இடும் சந்தனம், குங்குமம் ஆகியவையே அவை.

இவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்கு மட்டும் உரியவை அல்ல. மணி ஒலிக்கிறது. துணிச்சுற்று மரத்தின் கணுக்களையும் கட்டுகளையும் மறைத்து, கட்டைக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. முனைக் குஞ்சம் ஒவ்வோர் அடிக்கும் ஆடுவதால், கூட்டத்தின் கடைசியில் இருப்பவருக்கும் தாளம் கண்ணில் படுகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இது சிறிய உதவி அல்ல. பூமாலை அன்றைய தெய்வத்துக்குரிய மரியாதை. தோவாளைப் பூச்சந்தை அருகிலிருக்கும் நாஞ்சில் நாட்டில் பூவுக்குக் குறைவு இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் மாலை கழற்றப்படும். வில் மீண்டும் பழைய வில்லாகிவிடும்.

ஆனால் பாடப்படும் கதையின் உருவங்கள் மரபான வில்லில் இடம்பெறுவதில்லை. வில்லுப்பாட்டு முழுவதும் தெய்வக் கதைகளும் வீரர் கதைகளுமாக இருக்க, அக்கருவியில் ஒரு தெய்வ உருவம்கூட ஏன் இல்லை என்ற கேள்வி எழுகிறது.

கொடை விழாவும் வில்லின் எளிமையும்

விடையைக் கொடை விழாவில் தேட வேண்டும். முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன், சாஸ்தா முதலிய தெய்வங்களின் கோயில்களில் ஆண்டுதோறும் கொடை நடக்கிறது. வில்லுப்பாட்டு அங்கே வெறும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி அல்ல. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் என்று தொடங்கிக் கதை வளர்கிறது. கதையின் உச்சத்தில் உடுக்கும் குடமும் விரைவாக ஒலிக்க, கோமரத்தாடி அருள் வந்து ஆடுகிறார். வாழி பாடி நிகழ்ச்சி முடிகிறது.

இக்கதைகளை ஆய்வாளர் இரு வகையாகப் பிரிப்பர். ஒன்று, கயிலாயத்தில் பிறந்த தெய்வங்களின் கதை. மற்றொன்று, மண்ணில் வாழ்ந்து அநியாயமாக இறந்து பின் தெய்வமானவர்களின் கதை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரி மாவட்ட வில்லுப்பாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே பிறப்பும் இறப்பும் இடம்பெற்றிருப்பது இதனால்தான். தமிழில் தி. சி. கோமதிநாயகம், அ. கா. பெருமாள் முதலியோர் இத்துறையில் விரிவாக எழுதியுள்ளனர்.

ஒவ்வொரு கதைக்கும் அதற்கே உரிய உருவங்கள் உண்டு. சுடலைமாடன் விளக்குச் சுடரிலிருந்து தெறித்த துளியில் பிறந்தவன். எனவே சுடரும் சுடுகாடும் அவன் கதையின் உருவங்கள். நீலி என்னும் இசக்கியின் கதையில் கள்ளிக்கொம்பு குழந்தையாகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இக்கதையோடு தொடர்புடையது. முத்துப்பட்டன் கதையில் பிராமண குலத்தில் பிறந்தவன், தோல்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து செருப்புத் தைக்கிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலிலுள்ள பட்டவராயன் சன்னதிக்குப் பக்தர்கள் இன்றும் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர்.

இத்தனை வளமான உருவங்கள் இருந்தும் அவற்றை வில்லில் தீட்டாததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்திருக்க வேண்டும். கொடைக் காலத்தில் ஒரு குழு இன்று அம்மன் கோயிலில் பாடும். நாளை மாடன் கோயிலில் பாடும். அடுத்த வாரம் சாஸ்தா கோயிலில் பாடும். ஒரே கோயிலில்கூட ஒரே இரவில் பல தெய்வங்களின் கதைகள் பாடப்படுவதுண்டு. வில்லில் ஒரு தெய்வத்தைத் தீட்டினால் அது மற்றத் தெய்வத்தின் முன் பொருந்தாது. பலருக்கும் உரிய வில் எவருடைய அடையாளத்தையும் நிலையாகத் தாங்க முடியாது. மாற்றக்கூடிய மாலையே போதுமானது.

உருவத்துக்கான இடம் வேறெங்கோ இருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். கோயிலில் சுடுமண் உருவங்களும் பந்தலும் தீப்பந்தமும் கோமரத்தாடியின் கோலமும் கண்முன் இருக்கின்றன. எதிரே தெய்வமே நிற்கும்போது, வில் தெய்வத்தின் படத்தைக் காட்ட வேண்டியதில்லை. சொல்லால் உருவம் காட்டுவதே அண்ணாவியின் வேலை.

ஓணவில்லு: ஓவியம் தாங்கிய வில்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பகுதியில் இருந்தன. ஆகவே திருவனந்தபுரத்துக் கோயில் வழக்கங்கள் இம்மக்களுக்கு அந்நியமானவை அல்ல. அவற்றுள் ஒன்று ஓணவில்லு.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் திருவோண நாளில் வில்கள் காணிக்கையாகச் செலுத்தப்படுகின்றன. கரமனையில் உள்ள ஒரு பரம்பரைக் கைவினைக் குடும்பத்தார் நோன்பிருந்து இவற்றைச் செய்கின்றனர். பெயர் வில் என்றாலும் வடிவம் படகைப் போன்றது. நடுவில் அகன்று இரு முனைகளிலும் குவியும் மரப்பலகை. நீளம் மூன்றரை அடி முதல் நான்கரை அடி வரை. பலகையின் மேல் வண்ண ஓவியம் தீட்டப்படும். ஓரங்களில் சிவப்புக் குஞ்சலம் தொங்கும்.

இதில் எந்த ஓவியம் வரைவது என்பது கலைஞரின் அன்றைய விருப்பம் அல்ல. அனந்தசயனம், தசாவதாரம், ஸ்ரீராம பட்டாபிஷேகம், கிருஷ்ண லீலை, சாஸ்தா, விநாயகர் என்று பொருள்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. மகாபலி, திருமாலின் எல்லா அவதாரங்களையும் காண விரும்பியதால் விசுவகர்மா அவற்றை வில்லில் வரைந்து காட்டினார் என்பது ஐதிகம்.

கேரளத்தில் ஓணவில்லு என்ற பெயரிலேயே ஒலிக்கும் கருவி ஒன்றும் தனியே உண்டு. மரத்தாலோ மூங்கிலாலோ செய்த சிறு வில்லில் மூங்கில் நாண் பூட்டி, ஓணக் காலத்தில் கோலால் தட்டி வாசிப்பர். அதில் ஓவியம் முதன்மை அல்ல. ஒரே பெயரில் இரண்டு வில்கள் இருப்பது நமக்கு ஒரு செய்தியைத் தருகிறது. ஓவியம் தாங்கும் வில் ஒலிப்பதில்லை. ஒலிக்கும் வில் ஓவியம் தாங்குவதில்லை.

இந்த ஒப்பீட்டால் விதி தெளிவாகிறது. பத்மநாபசுவாமிக்குச் செலுத்தும் வில் ஒரே தெய்வத்துக்கு, ஒரே நாளில் உரியது. அதனால் அதன் உருவங்களை நிலையாகத் தீட்ட முடிகிறது. நாஞ்சில் நாட்டு வில் ஊர் ஊராகச் செல்வது, நாள்தோறும் அடி வாங்குவது. அதனால் அதன் அலங்காரம் மாற்றத்தக்கதாகவும் ஒலிக்குத் துணையாகவும் அமைந்தது.

மேடை, வானொலி, பிரசாரம்

20ஆம் நூற்றாண்டில் வில்லுப்பாட்டு கோயிலை விட்டு வெளியே வந்தது. இதில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்குப் பெரும் பங்கு உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த அவர், தம் ஊர்க்கலையைச் சென்னை மேடைகளுக்குக் கொண்டு சென்றார். காந்தியடிகளின் வரலாறு வில்லில் பாடப்பட்டது. கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக ஊரெங்கும் நிகழ்த்தினார். கலைவாணருக்காக எழுதத் தொடங்கிய சுப்பு ஆறுமுகம், பின் தாமே குழு அமைத்து இக்கலையைத் தமிழகத்துக்கு வெளியேயும் பரப்பினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022 அக்டோபரில் காலமானார். வில்லிசை என்ற பெயர் நகரங்களில் பரவியது இக்காலத்தில்தான்.

கோயில் வில்லும் உடன் தொடர்ந்தது. கொட்டாரம் அருகே சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி அம்மாள், சிறு வயதில் தொடங்கிப் பல்லாண்டுகள் கொடை விழாக்களில் பாடியவர். ஆண்கள் மிகுந்திருந்த ஒரு துறையில் வில்லின் நடுவே அமர்ந்து வீசுகோல் பிடித்த அவர் 2018இல் மறைந்தார்.

மேடைக்கு வந்ததும் அலங்காரத்தின் பொருள் மாறியது. கோயிலில் பார்வையாளரின் கண் தெய்வத்தின் மேல் இருந்தது. சபா மேடையில் தெய்வம் இல்லை. கண் வில்லின் மேல் விழுந்தது. எனவே வில் பளபளத்தது. ஜரிகைத் துணி, வண்ணத்தாள், பெரிய குஞ்சங்கள் சேர்ந்தன. பின்னால் ஒரு திரை வந்தது. 1990களின் அறிவொளி இயக்கம், குடும்பநலம், நோய்த்தடுப்பு போன்ற பிரசாரங்களில் வில்லுப்பாட்டு பயன்பட்டபோது, அத்திரையில் அந்தந்தத் திட்டத்தின் பெயரும் முழக்கமும் எழுதப்பட்டன. கதையின் பொருளைக் காட்டும் இடமாகத் திரை அமைந்தது; வில் இங்கும் பொதுவாகவே இருந்தது.

வானொலி இதற்கு எதிரான திசையில் சென்றது. திருநெல்வேலி வானொலியில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு ஜரிகையும் குஞ்சமும் தெரியவில்லை; மணி மட்டும் கேட்டது. அலங்காரங்களுள் எது கருவியின் உண்மையான உறுப்பு என்பதை வானொலி போல வேறெதுவும் பிரித்துக் காட்டியதில்லை.

பிற நாட்டு உறவினர்

வீட்டுப் பொருளை ஒலிப்பெட்டியாக்கி அதன் மேல் நரம்பு கட்டும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுருட்டுகள் சிறு மரப்பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. 1860களின் வரிச் சட்டங்கள் அவ்வழக்கத்தை உறுதிப்படுத்தின. காலியான பெட்டிகள் எங்கும் கிடைத்தன. கிட்டார் வாங்க வசதியற்ற ஏழைகள், குறிப்பாகத் தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள், அப்பெட்டியில் ஒரு கட்டையைச் செருகி நரம்பு கட்டி வாசித்தனர். எட்வின் போர்ப்ஸ் என்ற ஓவியர் 1876இல் வெளியிட்ட செதுக்கோவியத்தில், உள்நாட்டுப் போர் முகாமில் வீரர்களுக்கு நடுவே சுருட்டுப் பெட்டி பிடில் காணப்படுகிறது. பெட்டியின் மேல் பிகாரோ என்ற வணிகப் பெயரும் தெரிகிறது. 1884இல் டேனியல் கார்ட்டர் பியர்டு, சிறுவர்கள் சுருட்டுப் பெட்டியில் பாஞ்சோ செய்வதற்கான வழிமுறையை வெளியிட்டார்.

இக்கருவியில் அலங்காரப் பொருள் பெட்டியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. சுருட்டு நிறுவனம் ஒட்டிய வண்ணச் சீட்டே அதன் ஓவியம். இன்று பொழுதுபோக்காக இதைச் செய்வோர் பெட்டியின் சீட்டைப் பார்த்து, அதற்கேற்பக் கழுத்தையும் குமிழ்களையும் தேர்ந்தெடுக்கின்றனர். நம் திருவிழாக்களில் விற்கும் சிரட்டை வயலினையும் இந்த இனத்தில் சேர்க்கலாம். ஆனால் சிரட்டையில் விளம்பரச் சீட்டு இல்லை. நார் நீக்கி வழவழப்பாக்கிய ஓடே அதன் அழகு.

நம் வில்லுக்கு வடிவில் இன்னும் நெருங்கியது பிரேசிலின் பெரிம்பாவ். அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் இசைவில் மரபிலிருந்து வந்த கருவி அது. வளைத்த கம்பு, கம்பி நாண், ஒலியைப் பெருக்கச் சுரைக்குடுக்கை, தட்டுவதற்கு ஒரு குச்சி, அதே கையில் கிலுகிலுப்பை என்பன அதன் உறுப்புகள். நம் வில்லின் மண்குடத்துக்கு இணையாகச் சுரைக்குடுக்கையும், வீசுகோலின் சலங்கைக்கு இணையாகக் கிலுகிலுப்பையும் அமைந்திருக்கின்றன. தொடர்பே இல்லாத இரு நாட்டு மக்கள் ஒரே தேவைக்கு ஒத்த விடையைக் கண்டிருக்கின்றனர்.

இன்று மாணவர் செய்யும் வில்

பள்ளி, கல்லூரிக் கலைப் போட்டிகளில் வில்லுப்பாட்டு இன்றும் இடம்பெறுகிறது. பல இடங்களில் மாணவர்களே வில் செய்கின்றனர். அப்போது முதலில் எழும் பேச்சு, எந்தத் தலைப்பில் வில்லை அலங்கரிப்பது என்பதே. கடல், பனை, விடுதலைப் போர், சுற்றுச்சூழல் என்று கருத்துகள் குவியும். தெர்மாகோல் வெட்டி ஒட்டுவதும், மினுமினுப்புத் தூள் தூவுவதும், குடம் முழுவதும் எனாமல் பூசுவதும் நடக்கும். முடிவில் நாண் தளர்ந்து ஒலியின்றிக் கிடக்க, தாளம் கீபோர்டிலிருந்து வரும். வில் மேடைப் பொருளாகி, குடம் அடிக்கும் கலையே ஒரு தலைமுறையில் அற்றுப்போகும் ஆபத்து இதில் இருக்கிறது.

ஒரு போட்டிக்காக ஒரே கதைக்குச் செய்யும் வில்லில் உருவம் தீட்டுவது தவறல்ல. ஓணவில்லு அதற்கு முன்மாதிரி. ஆனால் ஒலிக்க வேண்டிய வில் ஆதலால் சில வரம்புகள் வேண்டும். மேலே கண்ட வரலாற்றிலிருந்து அவற்றைத் தொகுக்கலாம்.

முதலாவது, ஒலியே முதல். வில்லை வளைத்து, நாண் பூட்டி, குடத்தோடு கட்டி, தட்டிப் பார்த்து, ஒலி சரியான பிறகே வண்ணத்தை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நாணிலும் குடத்தின் வாயிலும் எதையும் ஒட்டக் கூடாது. நாணில் சுற்றிய தாள் அதிர்வை அடக்கும். குடத்தில் பசையால் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஒவ்வோர் அடிக்கும் கரகரக்கும். குடத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அல்லது மெல்லிய சுண்ணாம்புக் கோலமும் போதும்.

மூன்றாவது, உருவத்தைக் கதையின் உள்ளிருந்து எடுக்க வேண்டும். சுடலைமாடன் கதைக்குச் சுடர், இசக்கி கதைக்குக் கள்ளிக்கொம்பு, முத்துப்பட்டன் கதைக்குத் தோல்வாரின் பின்னல் என்று ஒரே ஓர் உருவத்தைத் தேர்ந்து, அதை வில்லின் கட்டையில் திரும்பத் திரும்ப அமைத்தால் தொலைவிலிருந்தும் தெரியும். பத்து உருவங்களைத் திணித்தால் ஒன்றும் தெரியாது. கதையின் பெரிய காட்சிகளைப் பின்திரைக்கு விட்டுவிடலாம்.

நான்காவது, அலங்காரம் கழற்றத்தக்கதாக இருப்பது நல்லது. துணியில் வரைந்து கட்டையில் சுற்றினால், அடுத்த ஆண்டு வேறு கதைக்கு அதே வில் உதவும். ஒவ்வோர் ஆண்டும் புதிய வில் செய்து எறிவதைவிட, ஒரே வில் பல மாணவர் கைகளில் பழகுவது கலைக்கு நன்மை.

ஐந்தாவது, மணியைக் குறைக்கக் கூடாது. ஒலியும் ஒப்பனையும் ஒன்றாகிய ஒரே உறுப்பு அதுதான்.

இவற்றோடு, அருகிலுள்ள கொடை விழாவுக்குச் சென்று ஒரு மூத்த குழுவின் வில்லைக் கண்ணாலும் காதாலும் அறிந்து வருவது மாணவருக்குப் பெரிதும் பயன்படும். குடம் எந்தச் சாய்வில் இருக்கிறது, புரிமணை எவ்வளவு கனமானது, பத்தி எப்படி விழுகிறது என்பவற்றைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது. கேட்டால் சொல்லித்தரக்கூடிய கலைஞர்கள் நாஞ்சில் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது வில்லின் நிறத்தைப் பற்றி அல்ல, குடத்தின் அடியைப் பற்றி.